மோட்டார் ஒயரைக் கழற்றும் முன் ஒரு நிமிடம்!

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே நம் எல்லாருக்கும் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. பென் டிரைவைச் செருகுகிறோம், எடுக்கிறோம். மவுஸைக் கழற்றி வேறு போர்ட்டில் மாட்டுகிறோம். பிரிண்டர் கேபிளை உருவிவிட்டு அதே இடத்தில் ஸ்கேனரை இணைக்கிறோம். இதற்காகக் கம்ப்யூட்டரை யாரும் ஆஃப் செய்வதில்லை. செய்யத் தேவையும் இல்லை. யு.எஸ்.பி. இணைப்பை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். யு.எஸ்.பி. பிளக்கின் உள்ளே உற்றுப் பாருங்கள். மின்சாரத்திற்கான இரண்டு ஓரத் தகடுகள், டேட்டாவிற்கான நடுத் தகடுகளைவிடச் சற்று நீளமாக இருக்கும். செருகும்போது மின்சாரம் முதலில் சேரும். எடுக்கும்போது கடைசியாகப் பிரியும். இவ்வளவு யோசித்துச் செய்திருப்பதால்தான் நாம் யோசிக்காமல் கழற்ற முடிகிறது.

இதே பழக்கத்தோடு, கம்ப்யூட்டரில் இணைத்து இயக்கும் செதுக்கும் மெஷினிடம் போனால் ஆபத்து. மோட்டாருக்குப் போகும் ஒயரை மின்சாரம் இருக்கும்போது ஒரே ஒரு முறை இழுத்தால் போதும், அந்த மோட்டாரை இயக்கும் சிப் போய்விடக்கூடும். புகை வரலாம், வராமலும் போகலாம். மெஷின் வாங்கியவர்கள் பலர் முதல் மாதத்திலேயே "ஒரு பக்கம் மட்டும் நகரவில்லை" என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏன் இப்படி ஆகிறது, எப்படித் தவிர்ப்பது என்று பார்ப்போம்.

மெஷினுக்குள் என்ன இருக்கிறது?

வீட்டில் வைத்துக்கொள்ளும் சிறிய சி.என்.சி. ரவுட்டர்களில் 3018 என்ற வகை மிகப் பரவலானது. 300 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம் உள்ள மேடை என்பதைத்தான் அந்த எண் குறிக்கிறது. (ரவுட்டர் என்றதும் இன்டர்நெட்டுக்கு வைத்திருக்கும் பெட்டியை நினைக்க வேண்டாம். மரத்தைக் குடைந்து செதுக்கும் கருவிக்கும் அதே பெயர்தான்.) பெயர்ப் பலகை, கோலம் போன்ற வடிவங்கள், சாமி படத்திற்கான பிரேம், சிறிய சர்க்யூட் போர்டு ஆகியவற்றை இதில் செதுக்கலாம்.

மெஷினில் மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள் இருக்கும். எக்ஸ் மோட்டார் இடம் வலமாகவும், ஒய் மோட்டார் முன்னும் பின்னுமாகவும், இசட் மோட்டார் மேலும் கீழுமாகவும் நகர்த்தும். பொதுவாக இவை ஒரு முழுச் சுற்றை 200 சிறு படிகளாகச் சுற்றும். செதுக்கும் முனையைச் சுழற்றுவது ஸ்பிண்டில் என்னும் நான்காவது மோட்டார். இவற்றுக்கு மின்சாரம் தருவது பெரும்பாலும் 24 வோல்ட் அடாப்டர்.

கம்ப்யூட்டரிலிருந்து யு.எஸ்.பி. வழியாக வரும் கட்டளைகளை கன்ட்ரோல் போர்டு வாங்கிக்கொள்ளும். அதில் ஓடுவது பெரும்பாலும் ஜி.ஆர்.பி.எல். என்னும் இலவச மென்பொருள். நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் வெளியிட்டது இது. ஆனால் இந்த போர்டின் மூளைக்கு மோட்டாரைச் சுற்றும் அளவு பலம் கிடையாது. "ஒரு படி நகர்" என்று ஒரு சிறு சைகை மட்டுமே அதனால் தர முடியும். அந்தச் சைகையை வாங்கி, 24 வோல்ட் மின்சாரத்தை மோட்டார் காயில்களுக்கு அளந்து விடுவது டிரைவர் என்ற தனிச் சிப்பின் வேலை. சி.டி.யிலிருந்து இன்ஸ்டால் செய்வோமே, அந்த டிரைவர் அல்ல. இது கையில் தொடக்கூடிய, சூடாகக்கூடிய, கருகக்கூடிய டிரைவர்!

ஏ4988, டி.ஆர்.வி.8825 என்ற இரண்டும் அதிகம் காணப்படும் டிரைவர்கள். சில மெஷின்களில் இவை தனித்தனிச் சிறு போர்டுகளாகச் செருகப்பட்டிருக்கும். ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றலாம். சிலவற்றில் சிப்பை கன்ட்ரோல் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அதில் ஒரு சிப் போனால், சால்டரிங்கில் நல்ல தேர்ச்சி இல்லாதவர்கள் முழு போர்டையும் மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போதே செருகும் வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது.

டியூப் லைட் சோக் சொல்லும் பாடம்

எல்.இ.டி. டியூப் வருவதற்கு முன் நம் வீடுகளில் இருந்த டியூப் லைட்டை நினைத்துப் பாருங்கள். அதில் கனமான சோக் ஒன்றும் சிறிய ஸ்டார்ட்டர் ஒன்றும் இருக்கும். சோக் என்பது இரும்பு மேல் சுற்றிய செம்புக் கம்பிதான். சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டர் வழியாக சோக்கில் மின்சாரம் ஓடும். பிறகு ஸ்டார்ட்டர் 'டக்' என்று திறந்துகொள்ளும். ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் திடீரென்று அறுபடும்போது, சோக் அதை எதிர்த்து, வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டைவிடப் பல மடங்கு உயர்ந்த வோல்டேஜை ஒரு கணம் உண்டாக்கும். அந்த அடியில்தான் டியூப் எரியத் தொடங்கும்.

ஸ்டெப்பர் மோட்டாருக்குள் இருப்பதும் இரும்பு மேல் சுற்றிய செம்புக் கம்பிதான். ஒயரைப் பிடுங்கும்போது நீங்களே ஸ்டார்ட்டர் ஆகிவிடுகிறீர்கள். காயிலில் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆம்பியர் மின்னோட்டத்திற்கு வழி அடைபட்டதும் வோல்டேஜ் எகிறும். எரிவதற்கு இங்கே டியூப் கிடையாது. இருப்பது டிரைவர் சிப் மட்டும்தான். ஏ4988 அதிகபட்சம் 35 வோல்ட்டும், டி.ஆர்.வி.8825 45 வோல்ட்டும் தாங்கும். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் நிரந்தரமாக ஷார்ட் ஆகிவிடும். போதாக்குறைக்கு, கனெக்டரை இழுக்கும்போது பின்கள் ஒரே தடவையில் பிரிவதில்லை. பிரிந்து, ஒட்டி, மறுபடி பிரியும். ஒவ்வொரு தடவையும் ஓர் அடி.

"சிப்பிலேயே பாதுகாப்பு இருப்பதாகப் போட்டிருக்கிறதே?" என்று கேட்கலாம். இருக்கிறது. சூடு அதிகமானால் அதுவே நின்றுகொள்ளும். ஷார்ட் ஆனாலும் ஓரளவு காத்துக்கொள்ளும். ஆனால் ஒயரைப் பிடுங்கும்போது வரும் வோல்டேஜ் அடி கண் சிமிட்டும் நேரத்தில் மிகச் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். சூட்டைப் பார்த்து நிற்கும் பாதுகாப்பு, சூடு ஏறும் முன்பே முடிந்துவிடும் அடிக்கு என்ன செய்ய முடியும்?

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. "மோட்டார் சுற்றவில்லை, நின்றுகொண்டுதானே இருக்கிறது, கழற்றினால் என்ன?" ஃபேன் மோட்டார் நின்றால் மின்சாரம் இல்லை என்று பொருள். ஸ்டெப்பர் மோட்டார் அப்படியல்ல. நின்ற இடத்தை விடாமல் பிடித்துக்கொள்வதற்காகவே அதன் காயில்களில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். கையால் திருகிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் மின்சாரம் இருக்கிறது. ஜி.ஆர்.பி.எல். மென்பொருளில் 1 என்ற எண்ணுள்ள செட்டிங்கில் 255 என்று கொடுத்திருந்தால், வேலை முடிந்து நீங்கள் காபி குடிக்கப் போன பிறகும் மோட்டார்கள் இப்படிப் பிடித்துக்கொண்டே இருக்கும். தளர்வாக இருந்தாலும் நம்பிக் கழற்றாதீர்கள். சப்ளையை நிறுத்திவிட்டே தொடுங்கள்.

ஆன் செய்யும் வரிசை, ஆஃப் செய்யும் வரிசை

எந்த ஒயரைத் தொடுவதானாலும், டிரைவரைச் செருகுவதானாலும், ஜம்பரை மாற்றுவதானாலும் முதலில் சுவரில் உள்ள சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். பிறகு யு.எஸ்.பி. கேபிளையும் எடுத்துவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். அடாப்டரை நிறுத்தினாலும் யு.எஸ்.பி. வழியாக வரும் 5 வோல்ட் கன்ட்ரோல் போர்டை உயிருடன் வைத்திருக்கும். போர்டில் உள்ள விளக்குகள் எல்லாம் அணைந்த பிறகும் அரை நிமிடம் பொறுங்கள். கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும்.

ஆன் செய்யும்போது வேறு ஒரு கவனம் தேவை. அடாப்டரின் சுவர் சுவிட்சை முதலில் போட்டுவிட்டு, அதன் வட்டப் பின்னை மெஷினில் கடைசியாகச் செருகுபவர்கள் உண்டு. செருகும்போது 'சிட்' என்று ஒரு பொறி தெரியும். பொறி வருகிறது என்றால் ஒயரின் நீளத்தில் மின்சாரம் திடீரென்று பாய்கிறது என்று பொருள். நீண்ட ஒயரும், டிரைவர் பக்கத்தில் உள்ள மிகச் சிறிய செராமிக் கெப்பாசிட்டரும் சேர்ந்து, ஊஞ்சலைத் தள்ளியதுபோல வோல்டேஜை ஒரு கணம் மேலே வீசும். அது சப்ளை வோல்டேஜின் இரு மடங்கு வரை போகக்கூடும். 24-ன் இரு மடங்கு 48. ஏ4988-ன் எல்லை 35 என்பது நினைவிருக்கிறதா? நம் ஊர் பிளக் பாயின்ட்டில் பக்கத்திலேயே சுவிட்ச் வைத்திருப்பது இதற்கு மிக வசதி. முதலில் மெஷின் பக்கம் பின்னைச் செருகுங்கள், பிறகு சுவரில் சுவிட்சைப் போடுங்கள்.

இந்த வீச்சை அடக்குவதற்குத்தான் டிரைவருக்கு மிக அருகில் 100 மைக்ரோஃபாரட் போன்ற ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் போர்டில் ஒவ்வொரு டிரைவர் பக்கத்திலும் சிறிய உருளை நிற்கிறதா என்று பாருங்கள். நீங்களே வைப்பதாக இருந்தால் 24 வோல்ட் சப்ளைக்கு 50 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டராக வாங்குங்கள். அதன் உடலில் பட்டை போட்டிருக்கும் பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் வெடிக்கும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வெடிக்கும்.

அடாப்டருக்குப் பதிலாகத் தகரப் பெட்டி போன்ற எஸ்.எம்.பி.எஸ். வாங்குபவர்கள், பக்கவாட்டில் 115/230 என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது 230-ல் இருக்க வேண்டும். 115-ல் வைத்து நம் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் எஸ்.எம்.பி.எஸ். அங்கேயே முடிந்துவிடும்.

கழற்றாமலே கழன்றுபோகும் ஒயர்

"நான் எதையும் கழற்றவே இல்லை, ஆனாலும் டிரைவர் போய்விட்டது" என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். கழற்றியது மெஷின்தான்!

செதுக்கும்போது மெஷின் முழுவதும் அதிர்கிறது. இசட் மோட்டாரும் ஸ்பிண்டிலும் தங்கள் ஒயர்களை இழுத்துக்கொண்டு நாள் முழுவதும் இடம் வலமாக ஓடுகின்றன. ஒயர் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மடங்கினால், பிளாஸ்டிக் உறைக்குள் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும். உள்ளே தொட்டும் தொடாமலும் கிடக்கும். மின்சாரம் ஓடும்போது ஒயரைப் பிடுங்குவதும் இதுவும் டிரைவருக்கு ஒன்றுதான். என்னைக் கேட்டால், சூட்டைவிட இந்தத் தளர்ந்த ஒயருக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பேன். சூடு தொட்டால் தெரியும், இது தெரியாது.

ஆகவே ஓடும் ஒயர்களை மோட்டாருக்கு அருகில் ஒரு முறையும், மெஷின் பிரேமில் ஒரு முறையும் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். இழுப்பு கனெக்டரில் விழாமல் கட்டில் விழ வேண்டும். மடங்கும் இடம் கூர்மையாக இல்லாமல் அகன்ற வளைவாக இருக்கட்டும். ஸ்க்ரூவால் இறுக்கும் டெர்மினலில் ஒயர் நுனிக்கு ஈயம் பூசி மாட்டுவது நம் ஊரில் வழக்கம். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஈயம் மென்மையானது. ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளடைவில் அமுங்கிப்போய்ப் பிடி தளரும். ஈயம் பூசாத இழைகளை முறுக்கி மாட்டுங்கள். ஒயர் நுனியில் மாட்டி அழுத்தும் ஃபெர்ரூல் என்ற சிறு உலோகக் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. மாதம் ஒரு முறை, சப்ளையை நிறுத்திவிட்டு எல்லா ஸ்க்ரூக்களையும் ஒரு கால் திருகு இறுக்கிப் பாருங்கள்.

மோட்டாரை நிறுத்துவதற்கென்று டிரைவருக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்கும் யோசனை சிலருக்கு வரும். வேண்டவே வேண்டாம். அவசர ஸ்டாப் சுவிட்ச் எப்போதும் சப்ளை பக்கம்தான் இருக்க வேண்டும்.

விரெஃப் என்னும் சிறு திருகு

டிரைவர் போர்டின் மேல் மிகச் சிறிய திருகு ஒன்று இருக்கும். மோட்டாருக்கு எவ்வளவு மின்னோட்டம் போகலாம் என்று அது முடிவு செய்கிறது. குறைத்து வைத்தால் மோட்டார் படிகளைத் தவறவிடும், கோலம் கோணலாகும். கூட்டி வைத்தால் டிரைவரும் மோட்டாரும் கொதிக்கும். இதை வோல்ட் கணக்கில் அளப்பார்கள். அந்த அளவுக்கு விரெஃப் என்று பெயர்.

ஏ4988-க்குக் கணக்கு எளிது. தேவையான ஆம்பியரை 8-ஆல் பெருக்கி, மறுபடி போர்டில் உள்ள அளவீட்டு ரெசிஸ்டரின் ஓம் மதிப்பால் பெருக்குங்கள். சிப்பின் அருகே இரண்டு குட்டி ரெசிஸ்டர்களில் ஆர்100 என்று எழுதியிருந்தால் அதன் மதிப்பு 0.1 ஓம். ஓர் ஆம்பியருக்கு 8 x 0.1 = 0.8 வோல்ட் வைக்க வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வீடியோ ஒன்றில் "0.8 வோல்ட் வையுங்கள்" என்று சொல்வார்கள், நாமும் வைப்போம். ஆனால் நம் போர்டில் உள்ள ரெசிஸ்டரில் ஆர்050 என்று இருக்கலாம். அது 0.05 ஓம். அதற்கு 0.8 வோல்ட் வைத்தால் போவது 2 ஆம்பியர்! ஹீட் சிங்க் இல்லாமல் ஏ4988 சுமார் 1 ஆம்பியர்தான் தாங்கும். எனவே வோல்ட்டைக் காப்பி அடிக்காதீர்கள். லென்ஸ் வைத்து ரெசிஸ்டரைப் படித்துக் கணக்குப் போடுங்கள். டி.ஆர்.வி.8825-ல் 8-க்குப் பதில் 5. அதாவது ஆர்100 ரெசிஸ்டர் இருந்தால் ஓர் ஆம்பியருக்கு 0.5 வோல்ட். மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரில் முக்கால் பங்கிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அது டிரைவர் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. 3018 செய்யும் வேலைக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

அளக்கும்போது மல்டிமீட்டரின் கறுப்பு ஒயரை முதலைக் கிளிப் போட்டு போர்டின் கிரவுண்டில் மாட்டிவிடுங்கள். சிவப்பு முனையைத் திருகின் தலையில் வையுங்கள். ஒரு கை மட்டும் வேலை செய்தால் நழுவும் வாய்ப்பு குறைவு. முனை நழுவி இரண்டு பின்களைச் சேர்த்துத் தொட்டால், காக்க வந்த நாமே டிரைவரைக் கொன்றதாக ஆகும். அளந்த பிறகு சப்ளையை நிறுத்தி, திருகைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி ஆன் செய்து அளப்பது சற்று நேரம் பிடித்தாலும் பாதுகாப்பானது.

டிரைவரை எந்தப் பக்கமாகச் செருகுவது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஏ4988-ல் திருகு ஒரு முனையில் இருக்கும், டி.ஆர்.வி.8825-ல் அதற்கு நேர் எதிர் முனையில் இருக்கும். பழையதைப் போலவே திருகைப் பார்த்துச் செருகினால் தலைகீழாகிவிடும். சுவிட்ச் போட்டதும் டிரைவர் காலி, சில சமயம் கன்ட்ரோல் போர்டும் கூடவே போகும். திருகைப் பார்க்காதீர்கள். டிரைவரில் 'இ.என்.' என்று எழுதியிருக்கும் மூலையும், போர்டில் 'இ.என்.' என்று எழுதியிருக்கும் மூலையும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே ஒட்டும் அலுமினிய ஹீட் சிங்க் பக்கத்துப் பின்களைத் தொடாமல் சிப்பின் நடுவில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கையால் தள்ளுவதும், தூசியும்

மெஷின் ஆஃப்பில் இருக்கும்போது ஸ்பிண்டிலை வேகமாகக் கையால் தள்ளினால் போர்டில் விளக்கு மின்னுவதைப் பார்த்திருக்கலாம். சைக்கிள் டைனமோவின் கதைதான். சுற்றப்படும் மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கி டிரைவர் வழியாகப் பின்னால் அனுப்புகிறது. மெதுவாகத் தள்ளினால் கெடுதல் இல்லை. முடிந்தவரை மென்பொருளில் உள்ள பட்டன்களாலேயே நகர்த்துங்கள்.

மரத்தூள் போர்டின் மேல் படிந்தால் சூடு வெளியேறாது. அலுமினியம் செதுக்கினால் பறக்கும் துகளும், சர்க்யூட் போர்டு செதுக்கினால் வரும் செம்புத் தூளும் அதைவிட மோசம். இரண்டு பின்களுக்கு நடுவில் ஒரு துகள் விழுந்தால் அதுவே ஷார்ட். போர்டு திறந்து கிடந்தால் ஒரு பெட்டிக்குள் வையுங்கள். சிறிய ஃபேன் ஒன்றும் வேண்டும், அதன் காற்று தூளை உள்ளே இழுக்காத பக்கமாக இருக்கட்டும். வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் குழாயில் மரத்தூள் உரசி ஓடும்போது ஸ்டேட்டிக் மின்சாரம் சேரும். குழாய் முனையை போர்டு பக்கம் கொண்டுபோகாதீர்கள். மெஷினின் உலோக பிரேமுக்கு மூன்று பின் பிளக்கின் எர்த் இணைப்பு இருப்பது நல்லது; உங்கள் வீட்டு எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை சோதிக்கச் சொல்லுங்கள்.

வேலை நடுவில் கரண்ட் போனால் சுவர் சுவிட்சை ஆஃப் செய்துவிடுங்கள். வந்த உடனே போடாமல் சில நிமிடம் கழித்துப் போடுங்கள்.

போய்விட்டது என்று தோன்றினால்

ஒரு அச்சு மட்டும் நகரவில்லையா? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எக்ஸ், ஒய் டிரைவர்களை இடம் மாற்றிச் செருகுங்கள். கோளாறும் இடம் மாறினால் டிரைவர்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் மோட்டாரோ ஒயரோ.

கடையிலிருந்து வாங்கி வந்த புது டிரைவரை உடனே செருகிவிடாதீர்கள். மோட்டார் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து நான்கு ஒயர்களையும் சோதியுங்கள். அவை இரண்டு ஜோடிகள். ஒரே ஜோடிக்குள் சில ஓம்கள் காட்ட வேண்டும். இரண்டு ஜோடிகளும் ஏறக்குறைய ஒரே மதிப்பாக இருக்க வேண்டும். ஒரு ஜோடிக்கும் மற்றொன்றுக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது. எந்த ஒயருக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் இடையிலும் காட்டக்கூடாது. அளந்துகொண்டே ஒயரை ஆட்டி, வளைத்துப் பாருங்கள். எண் தாவினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. அந்த ஒயரை மாற்றாமல் போட்டால் புது டிரைவரும் பழையதன் வழியிலேயே போகும்.